முன்சீப் கோர்ட்டு ஊரின் வக்கீல்

(ஊர்ப் பொது நூலகத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வக்கீல் என்று சொன்னவுடனே நம்மவர் மனக்கண்ணில் எழுகின்ற தோற்றம், பெரும்பாலும், சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடத்துக்குள்ளே சட்டப் புத்தகங்கள் புடைசூழ நின்று ஆங்கிலத்தில் வாதிக்கின்ற ஒரு பெரிய மனிதரின் தோற்றமாகவே இருக்கிறது. அத்தகையோரின் மேதையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நிலமும் வீடும் கடனும் கலியாணமும் மரணமும் பற்றிய விவகாரங்களில் நம் குடும்பங்கள் உண்மையிலே போய் நிற்கிற இடம் வேறு. தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடுவிலே, ஜெராக்ஸ் கடையும் பத்திர எழுத்தர்களின் மேஜைகளும் வரிசையாக இருக்கிற தெருவிலே, முன்னறையில் இரண்டு பெஞ்சும் உள்ளறையில் ஒரு மேஜையும் அலமாரி நிறைய நாடா கட்டிய கேஸ் கட்டுகளுமாக இருக்கும் ஓர் ஆபீஸ்தான் அந்த இடம். அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றியும், அவரால் நமக்கு ஆகக்கூடிய பிரயோஜனத்தைப் பற்றியும், அதை நாம் எவ்வளவு தாமதித்துத் தேடிப் போகிறோம் என்பதைப் பற்றியும் இன்று மாலை உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெரிய நகரங்களில் சிவில் வக்கீல் வேறு, கிரிமினல் வக்கீல் வேறு, வரி வழக்குக்கு ஒருவர், கம்பெனி விவகாரத்துக்கு மற்றொருவர் என்று தொழில் கிளை கிளையாகப் பிரிந்துவிட்டது. தாலுகா ஊரில் அப்படிப் பிரிய இடமில்லை. காலையில் ஆபீஸ் கதவு திறந்தால், வீட்டுமனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைக் காட்ட வருகிறவர் ஒருவர். இரவு போலீஸார் அழைத்துப் போன மகனுக்கு ஜாமீன் கேட்டு வருகிற தாய் ஒருத்தி. கணவன் வீட்டை விட்டு வந்து ஜீவனாம்சம் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி விசாரிக்கிற பெண். லாரி மோதிக் காலிழந்த கொத்தனாருக்கு நஷ்டஈடு கேட்க வருகிற அண்ணன். திரும்பி வந்த காசோலையோடு ஒரு மளிகைக் கடைக்காரர். இத்தனை பேருக்கும் அந்த ஒரே மனிதர் பதில் சொல்லியாக வேண்டும். இதனால் அவருக்கு எந்தத் துறையிலும் ஆழ்ந்த புலமை வராது என்று சிலர் கருதுவதுண்டு. என் அபிப்பிராயம் அதற்கு மாறானது. ஒரு குடும்பத்தின் கிரயப் பத்திரத்தையும் பாகப்பிரிவினையையும் உயிலையும் அந்தக் குடும்பத்துப் பெண்ணின் விவாகரத்து மனுவையும் ஒரே கையால் எழுதுகிறவருக்கு, அந்தக் குடும்பத்தின் ஒரு விவகாரம் மற்றொன்றை எங்கே தொட்டு எங்கே புண்ணாக்கும் என்பது தெரியும். அந்த அறிவு எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சாகவில்லை.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் வக்கீல் செய்யும் மிக உயர்ந்த தொண்டு, அவர் ஜெயித்துக் கொடுக்கும் வழக்கில் இல்லை. கோர்ட்டு வாசலுக்கே வராமல் போன வழக்குகளில் இருக்கிறது. அந்த வழக்குகளுக்கு நம்பர் இல்லை, தீர்ப்பு நகல் இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. ஒரு பத்திரத்தில் சரியான இடத்தில் எழுதிச் சேர்த்த ஒரு வாக்கியமாக, அல்லது 'இந்த நிலத்தை வாங்காதீர்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய அரைமணி நேரப் பேச்சாக அவை கரைந்து போகின்றன.

பாகப்பிரிவினையை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி இருவர், தகப்பனார் காலமாகிவிட்டார், நான்கு ஏக்கர் நிலமும் அதில் ஒரு கிணறும் ஒரு மோட்டாரும் இருக்கின்றன. நிலத்தைத் தென்வடலாக நடுவில் வகுந்து மேல்பாதி ஒருவருக்கு, கீழ்பாதி மற்றவருக்கு என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். கிணறு மேல்பாதியில் இருக்கிறது. அவசரத்தில் எழுதும் பத்திரத்தில், 'கிணற்றிலும் மோட்டாரிலும் இருவருக்கும் சரிபாதி பாத்தியம் உண்டு' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்தும் விரல் ரேகையும் வாங்கி, பதிவும் முடிந்துவிடும். அன்று எல்லோருக்கும் சந்தோஷம். இதே பத்திரம் ஒரு நிதானமான வக்கீலிடம் போயிருந்தால் அவர் முதலில் கேள்விகளாகத்தான் கேட்டிருப்பார். தண்ணீர் முறை எப்படி? ஒன்றுவிட்டு ஒரு நாளா, வாரத்தில் மூன்று நாளா, முறை மாறுவது காலையில் எத்தனை மணிக்கு? இரவில் மட்டும் மும்முனைக் கரண்டு வருகிற காலத்தில் முறை என்ன? மின் இணைப்பு இன்னும் இறந்துபோன தகப்பனார் பேரில் இருக்கிறதே, அது யார் பேருக்கு மாறும்? மோட்டார் பழுதானால் செலவு யாருடையது? கிணறு வற்றித் தூர் வாரவோ ஆழப்படுத்தவோ நேர்ந்தால், ஒருவர் பணம் போட மறுத்தால் என்ன செய்வது? கீழ்ப்பங்குக்காரர் கிணற்றுக்குப் போய்வர வழி எது? குழாய் பதித்துக்கொண்டு போக உரிமை உண்டா? வரப்பின்மேல் நிற்கிற ஆறு தென்னையும் யாருடையவை?

இக்கேள்விகளைக் கேட்கும்போது சகோதரர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. 'நாங்கள் அண்ணன் தம்பி ஐயா, இதற்கெல்லாமா சண்டை போடுவோம்?' என்பார்கள். அவர்கள் சொல்வது அன்றைக்கு முழு உண்மை. ஆனால் பத்திரம் அவர்களுக்காக மட்டும் எழுதப்படுவதன்று. இன்னும் பிறவாத பிள்ளைகளுக்காகவும், நாளைக்கு அந்தப் பாதியை விலைக்கு வாங்கப்போகிற அந்நியனுக்காகவும் எழுதப்படுவது. ஆகவே அந்த வக்கீல் பிடிவாதமாக, மேல்பங்கின் வடகடைசியில் கிழமேலாகப் பத்தடி அகலத்தில் கீழ்ப்பங்குக்காரருக்கு நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியமும், அதன் ஓரமாகக் குழாய் பதித்துக்கொள்ளும் பாத்தியமும் உண்டு என்று எழுதி, அந்தப் பாதையை வரைபடத்தில் சிவப்பு மையால் காட்டி, இருவரையும் அந்தப் படத்தின் கீழேயும் கையெழுத்திடச் சொல்வார்.

அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் என்ன நேர்கிறது என்பதை நம் கோர்ட்டுகள் அன்றாடம் பார்க்கின்றன. வழியில்லாமல் நிலம் பயன்படாது என்ற நிலை பாகப்பிரிவினையால் ஏற்பட்டால், அவசியத்தினால் உண்டாகும் வழியுரிமையை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமையை நிரூபிக்க, முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளை கேட்டுப் பிராது போட வேண்டும். இடைக்கால மனு போட வேண்டும். இடத்தைப் பார்வையிட அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்ல வேண்டும். அவர் சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை கொடுத்தால் அதற்கு ஆட்சேபணை வரும். சாட்சி விசாரணை, தீர்ப்பு, சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அதன் பிறகு, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மாத்திரம், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ இரண்டாம் மேல்முறையீடு. இதற்குள் சகோதரர்களின் தலை நரைத்துவிடுகிறது. அவர்கள் பிள்ளைகள் ஒருவர் கலியாணத்துக்கு ஒருவர் போவதில்லை. பத்தடிப் பாதைக்காக ஒரு வம்சமே இரண்டாகப் போனதைக் கண்டு நான் மனம் நொந்ததுண்டு. அதனால்தான் பத்திரம் எழுதுமுன் வக்கீலிடம் போங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாகப்பிரிவினை என்று வரும்போது பெண்மக்களின் பங்கைப் பற்றி மௌனமாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், அந்த ஆண்டு மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டத் திருத்தம், மணமானவள், மணமாகாதவள் என்ற பேதமில்லாமல் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னமே பதிவான பாகப்பிரிவினைகளை அச்சட்டம் தொடவில்லை. இவ்வளவு இருந்தும், பொங்கல் சீரோடு போய்த் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவரும் வழக்கம் நம் ஊர்களில் மறையவில்லை. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் தான் எதை விட்டுக்கொடுக்கிறாள், அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்க வேண்டும். அண்ணனுக்காகப் பத்திரம் எழுதும் வக்கீல், அந்தப் பெண்ணிடம், 'அம்மா, நான் உங்கள் அண்ணனின் வக்கீல். நீங்கள் வேறொரு வக்கீலிடம் இதைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்' என்று சொல்வாரானால், அதுவே அவர் அண்ணனுக்கும் செய்யும் நன்மை. ஏனெனில் அப்படிப் போட்ட கையெழுத்தைப் பின்னாளில் எவராலும் எளிதில் அசைக்க முடியாது.

வயது முதிர்ந்த பெற்றோர் வீட்டைப் பிள்ளைக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதி வைப்பதும் இவ்வாறே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும் வரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருந்தால் போதும். செட்டில்மெண்ட் அப்படியன்று, எழுதிக் கொடுத்த அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. மூத்த குடிமக்களின் பராமரிப்பு பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்துச் செய்ய வழி வைத்திருக்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பதுதான் உத்தமம். எழுதச் சொல்லிக் கேட்பதற்குத் தாய்க்குக் கூச்சமாக இருக்கும். தாய்க்காக அதை வக்கீல் கேட்க வேண்டும்.

சொத்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பலர் வில்லங்கச் சான்று ஒன்றை வாங்கிப் பார்த்து, அதில் ஒன்றுமில்லை என்று கண்டவுடன் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். பதிவான ஆவணங்களைத்தான் அந்தச் சான்று காட்டும்; பதிவாகாத உயிலை அது காட்டாது; உரிமையாளர் இறந்ததனால் வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்த பங்கைக் காட்டாது; நிலுவையிலிருக்கும் பல வழக்குகளைக் காட்டாது. பட்டா விற்பவர் பேரில் இருக்கிறது என்பதும் முழு ஆறுதலாகாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கே அன்றி உரிமைக்கு அதுவே மூலமாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. ஆகவே தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கைமாற்றத்தையும் பின்னிப் பார்த்து, நடுவில் யார் இறந்தார், அவருக்கு மகள்கள் உண்டா, மைனர் பங்கு ஏதேனும் உண்டா என்று தேட வேண்டும். இந்து மைனரின் நிலத்தைக் கோர்ட்டு அனுமதி இல்லாமல் தகப்பனோ தாயோ விற்றிருந்தால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்துச் செய்துவிடலாம். பத்திரத்தில் 'தனக்காகவும் மைனர் மகனுக்காகவும்' என்ற மூன்று சொல்லைக் கண்டவுடன் பழகிய வக்கீலின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

இனிக் காலக்கெடு என்ற விஷயம். உண்மையைச் சொன்னால், பொய்ச் சாட்சியினால் நியாயத்தை இழந்தவர்களைவிடக் காலம் கடந்து வந்ததனால் இழந்தவர்களைத்தான் ஊர் வக்கீல் அதிகம் பார்க்கிறார். ஒரு மூதாட்டி வருகிறாள். மகள் கலியாணத்துக்காகச் சேர்த்த பணத்தை, தெரிந்தவன் என்று நம்பி, புரோநோட்டின்பேரில் கடன் கொடுத்திருக்கிறாள். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையையும், உறையிலிருந்து நான்காக மடித்த நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைக்கிறாள். வக்கீல் நோட்டை விரித்துத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

"பாட்டி, கடைசியா எப்போ வட்டி குடுத்தான்?"

"போன வருஷம் ஆடியில ஐயாயிரம் குடுத்தான் சாமி. நான் பொய் சொல்ல மாட்டேன், என் நோட்டுப் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கேன்."

"இதுல பின்னால வரவு எழுதி அவன்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?"

"இல்லியே ஐயா. தெரிஞ்ச பையனாச்சே."

வேண்டும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷம் கெடு. அந்த மூன்று வருஷத்துக்குள் அசலிலோ வட்டியிலோ ஒரு தொகை கொடுத்து, அதைக் கடன்காரன் தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ வரவு வைத்திருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். பாட்டியின் நோட்டுப் புத்தகத்தில் பாட்டி எழுதியது அதற்கு உதவாது. தேதியைக் கூட்டிப் பார்த்தால், கெடு முடிய இன்னும் சில நாட்கள்தாம் பாக்கி. உடனே குமாஸ்தா கூப்பிடப்படுகிறார். கோர்ட்டுக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்று ரூபாயாகக் குறைந்தது இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய உபகாரம். கெடுவுக்கு முன்னே பிராது தாக்கலாகிவிடும். பாட்டி ஒரு மாதம் கழித்து வந்திருந்தால்? அப்பொழுதும் எல்லா வழியும் அடைபட்டுவிடவில்லை. கெடு கடந்த கடனைக் கொடுப்பதாகக் கடன்காரன் எழுத்து மூலம் கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்தால் அந்த வாக்கை ஒப்பந்தச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அது அவன் மனச்சாட்சியைப் பொறுத்த காரியமாகிவிடுகிறது. உரிமை என்ற நிலையிலிருந்து இரப்பு என்ற நிலைக்கு அந்தக் கிழவி இறங்கிவிடுகிறாள். திரும்பிவந்த காசோலைக்கு இன்னும் நெருக்கமான கெடு. பாங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் கொடுத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதுவும் கழிந்தால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார்.

சம்மன் விஷயத்திலும் நம்மவர்கள் வீண் பயத்தினால் கெட்டுப்போகிறார்கள். கோர்ட்டு அமீனா தெருவில் வருகிறார் என்றால் கொல்லைப்புற வழியாக வெளியேறுவதும், தபாலை வாங்க மறுப்பதும் ஏதோ சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள். வாங்க மறுத்தாலும் அதைச் சம்மன் சார்வானதாகவே கோர்ட்டு கொள்ளலாம். பிறகு ஒருதலைத் தீர்ப்பு ஆகிறது. அதை ரத்துச் செய்ய மனுப் போடச் சாதாரணமாக 30 நாள்தான். அந்த நாட்களும் கழிந்து, பன்னிரண்டு வருஷம் வரையில் நிறைவேற்றத்தக்க டிக்ரியாக அது நின்று, ஒருநாள் வீட்டு வாசலில் ஜப்தி வாரண்டாக வந்து நிற்கும்பொழுதுதான் வக்கீல் வீட்டைத் தேடி ஓடிவருகிறார்கள். சம்மனைக் கையொப்பமிட்டு வாங்குங்கள். வாங்குவதனால் நீங்கள் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. பதிலுரை தாக்கல் செய்ய 30 நாளும், நீதிபதி அனுமதித்தால் 90 நாள் வரையிலும் உண்டு.

ஊர் வக்கீலின் ஆபீசைப் பற்றிப் பேசும்போது குமாஸ்தாவை மறப்பது நன்றி மறத்தலாகும். எந்தக் கட்டு எந்த அலமாரியில், எந்த வழக்கு எந்த வாய்தாவுக்கு, தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டு எத்தனை நாளாயிற்று என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வாய்தா தள்ளிப்போனது தெரியாமல் பசியோடு கோர்ட்டு மரத்தடியில் நிற்கிற கட்சிக்காரரைத் தேடிப் பிடித்து, 'அடுத்த வாய்தா 18-ஆம் தேதி, மூலப் பத்திரத்தை மறக்காம எடுத்துட்டு வாங்கண்ணே' என்று சொல்லி அனுப்புகிறவர் அவரே. சட்டத்தின் கருணை பல வேளைகளில் அவர் வாய் வழியாகத்தான் ஏழைக்கு வந்து சேருகிறது.

பாஷையைப் பற்றி எனக்கு ஒரு தீவிரமான எண்ணம் உண்டு. நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பிராது எழுதலாம், தமிழில் சாட்சியம் சொல்லலாம், தமிழில் தீர்ப்பும் எழுதலாம். இருந்தும் பல ஆபீசுகளில் பிராது ஆங்கிலத்தில்தான் தயாராகிறது. அதன் அடியில், மேலே கண்டவை யாவும் எனக்குத் தெரிந்தவரையில் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திடுகிற விவசாயிக்கு, மேலே கண்டது என்ன என்பதே தெரியாது. இரண்டு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் நின்று, எதிர்க்கட்சி வக்கீலின் குறுக்கு விசாரணையில், தன் பிராதுக்கே மாறாக ஒரு சொல் சொல்லி, உண்மையான வழக்கை அவர் இழந்துவிடுகிறார். பொய் சொன்னதனால் இல்லை. தம் பேரால் எழுதப்பட்டது தமக்கே தெரியாததனால் தோற்கிறார். ஆங்கில ஆட்சிக் காலத்திலேயே, மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டு வெளியிட்டார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்றே அவரை அறிந்திருக்கிறோம். சட்டம் அதற்குக் கட்டுப்பட்டவனின் பாஷையில் இருக்க வேண்டும் என்ற அவருடைய கவலையையும் அறிந்திருக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் இளம் வக்கீல்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஆங்கிலத்தில் எழுதினாலும், கையெழுத்து வாங்குமுன் முழுவதையும் கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். கால்மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

சின்ன ஊரில் இரகசியம் காப்பது பெரிய விரதம். வாதி ஒரு தெரு, பிரதிவாதி அடுத்த தெரு. இருவரும் ஒரே கோயில் திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்கள். இருவர் பிள்ளைகளும் வக்கீலின் மகனோடு ஒரே பள்ளியில் படிக்கிறவர்கள். கட்சிக்காரர் தம் வக்கீலிடம் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடச் சட்டமே தடை விதித்திருக்கிறது. முன்பு ஒருவருக்காக ஆலோசனை சொல்லி அவருடைய அந்தரங்கத்தை அறிந்தவர், அதே விஷயத்தில் பின்பு அவருக்கு எதிராக ஆஜராகவும் கூடாது. நல்ல ஊர் வக்கீல் டீக்கடையில் அதிகம் பேசமாட்டார்.

பீஸ் விஷயத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். வழக்கு ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் செய்துகொள்வதை நம் நாட்டுத் தொழில் ஒழுக்க விதிகள் அனுமதிப்பதில்லை; தாம் நடத்திய வழக்கில் ஏலத்துக்கு வரும் சொத்தை அவர் தமக்காக ஏலம் எடுப்பதும் கூடாது. ஆரம்பத்திலேயே பீஸ் எவ்வளவு, கோர்ட்டுக் கட்டணம் எவ்வளவு, நகலுக்கும் கமிஷனருக்கும் உத்தேசமாக என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் ரசீது கேட்பதிலும் அவமரியாதை ஒன்றுமில்லை. தம் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வாங்குகிறவரை நாம் மதிக்க வேண்டும். ஊதியம் கொடுக்க இயலாதவரைக் கைவிடாதவரை அதைவிட மதிக்க வேண்டும். கப்பலோட்டிய தமிழர் என்று நாம் போற்றும் வ.உ. சிதம்பரம் பிள்ளை, பிளீடர் பரீட்சையில் தேறி, தம் சொந்த ஊராகிய ஓட்டப்பிடாரத்திலே தொழில் தொடங்கியவர். ஏழைகளுக்காகப் பணம் வாங்காமல் வாதாடினார் என்பது அவர் பெற்ற முதல் புகழ். 1908-இல் ராஜத்துரோகத் தண்டனையோடு அவருடைய வக்கீல் சன்னதும் போயிற்று. பிற்காலத்தில் வறுமையில் வாடியபோது வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் அந்தச் சன்னது திரும்பக் கிடைத்தது; அந்த நன்றிக்கு அடையாளமாகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தேசத்துக்காகக் கப்பல் விட்டவர், சிறையில் செக்கிழுத்தவர், மீண்டும் கோவில்பட்டியில் கருப்பு அங்கியை அணிந்துகொண்டு ஊர் வக்கீலாகக் கேஸ் கட்டோடு நடந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் இத்தொழிலின்பேரில் எனக்கு இருக்கும் மரியாதை இரட்டிப்பாகிறது.

வ.உ.சி. போன்ற ஒருவர் ஊருக்கு ஒருவர் இருப்பார் என்று நம்பிச் சட்டம் உட்கார்ந்திருக்கவில்லை. 1976-இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு, பணமில்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்ற பொறுப்பை அரசின்மேல் வைத்தது. அதைச் செயலாக்க 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் நம் தாலுகாவிலும் வட்டச் சட்டப் பணிகள் குழு என்ற ஸ்தாபனம் இருக்கிறது; கோர்ட்டு வளாகத்திலேயே அதன் அலுவலகம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் ஒருவர் நியமிக்கப்படுவார். அவருக்குரிய பீஸையும் கோர்ட்டுச் செலவையும் குழு ஏற்கும். இதை அறியாமல், ஜீவனாம்ச வழக்குக்காகத் தாலியை அடகு வைக்கப் போகிற பெண்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்பது என்னை வருத்துகிறது. தாய்மார்கள் இதை அடுத்த வீட்டிலும் சொல்ல வேண்டும்.

அந்தக் குழுவே மக்கள் நீதிமன்றத்தையும் நடத்துகிறது. இரு தரப்பும் மனமொப்பி அங்கே செய்துகொள்ளும் ராஜி, கோர்ட்டு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் இல்லை. வழக்குக்குக் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அப்பீல் இல்லை என்பதனாலேயே, ராஜி வாசகத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். குழு அலுவலகத்துக்கோ வக்கீல் ஆபீசுக்கோ முதன்முறை போகிறவர்கள் பத்திரங்களின் ஜெராக்ஸ் நகல், வந்த நோட்டீஸ் அல்லது சம்மன், அது வந்த தபால் உறை, குடும்பத்தில் யார் எப்போது இறந்தார்கள் என்ற தேதிகள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தபால் உறையைத் தூர எறிந்துவிட வேண்டாம். கெடுவைக் கணக்கிட அதில் இருக்கும் முத்திரைத் தேதி உதவும். அங்கே உங்களிடம் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால், இன்ன தேதியில் இன்ன பத்திரம் பெறப்பட்டது என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.